ஆள் போகாத சுனையிலும்

அன்புள்ள அருளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அங்க ஜனங்க மருந்தையே பார்த்ததில்லம்மா. ஒரே ஒரு ஊசி போட்டா மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிடுவாங்களாம், சிஸ்டர் சொன்னாங்க. நம்ம மெட்ராஸ் மாதிரி இல்ல, அங்க இன்னும் எல்லாம் சுத்தமா இருக்கு" என்றாய். அப்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நான் இன்னொரு துண்டு மீனை எடுத்து உன் தட்டில் வைத்தேன். பேசியிருந்தால் நீ பாதியிலேயே மறித்திருப்பாய். ஒருவர் சொல்வதைக் கடைசி வரை கேட்கும் பொறுமை உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. கடிதத்தை மறிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கல்வராயன் மலைக்கு டாக்டராக நீ பஸ் ஏறிய பிறகு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இதைப் படித்தால் போதும். உன்னோடு படித்து டாக்டராகி ஆளுக்கொரு ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடு. உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. தடுத்தால் நிற்கிற பிள்ளையும் நீ இல்லை.

நம் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், சலித்துக்கொள்ளாதே. மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். உள்ளே நாங்கள் செய்த வேலை பார்க்க எளிமையானது. கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழை ஊற்றி உறையவிட வேண்டும். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை அதன்மேல் பரப்ப வேண்டும். மருந்தில் தோய்த்த, பொட்டு அளவே உள்ள காகிதத் துண்டுகளை அங்கங்கே வைத்து, தட்டைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் விடை தயாராக இருக்கும். மருந்து கிருமியைக் கொல்லுமானால், காகிதத்தைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வெற்று வட்டம் தெரியும். கொல்லாது என்றால் வட்டம் இருக்காது. அவ்வளவுதான். அந்த வட்டத்தைப் பார்ப்பதற்காகவே தினமும் காலையில் நான் ஓட்டமும் நடையுமாகப் போவேன். அறுபதுகளின் கடைசியில் எங்கள் தட்டுகளில் விழுந்த வட்டங்கள் அத்தனை பெரியவை.

எங்கள் பெரிய டாக்டர் அதைப் பார்த்துக் குழந்தை போலச் சந்தோஷப்படுவார். மாடவீதிப் பக்கம் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவருடையது. "இங்கே வந்து பாரும்மா, தட்டே காலியாயிடும் போலருக்கே!" என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். அவருடைய தம்பியும் தங்கையும் சின்ன வயதில் டைஃபாய்டில் போனவர்கள். "எங்காத்துலயே ரெண்டு பேரை வாரிக் குடுத்திருக்கோம். அப்பா ஒண்ணும் பண்ண முடியாம பக்கத்துல உக்காந்துண்டு விசிறிண்டே இருந்தார். இனிமே அதெல்லாம் கதைதாம்மா. இனிமே டைஃபாய்டுல ஒருத்தர் செத்தா அது டாக்டரோட தப்பு" என்பார். நானும் அதை நம்பினேன். உனக்கு இன்று மலையைப் பற்றி இருக்கும் நம்பிக்கை அன்று எங்களுக்கு டைஃபாய்டையும் கொல்லும் என்று வந்த அந்தப் புதுக் குளிகையைப் பற்றி இருந்தது.

குளிகைகளோ அந்த வருடங்களில் வெற்றிலை பாக்கு மாதிரி புழங்கின. தி. நகர் கடைத்தெருவிலும் ஆழ்வார்பேட்டையிலும் மருந்துக் கடைக்குப் போய் உடம்பு சரியில்லை என்றால் போதும், சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். சளிக்கு, பல்வலிக்கு, பரீட்சைக்கு முன்னால் வரும் வயிற்றுக் கடுப்புக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பட்டினப்பாக்கத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் ரோஸம்மா ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக ஒரு குளிகை. "காச்சலா கீதுன்னு கடைக்காரன்கிட்ட சொன்னேன், ரெண்டு குட்த்தான். ஒண்ணு போட்டதுமே சரியாப் பூட்ச்சும்மா. இத்த எம் பேரனுக்கு வச்சிக்கினு கீறேன்" என்றாள். ஒன்றே ஒன்று போட்டால் பலவீனமான கிருமிதான் சாகும், வலுவானது பிழைத்துப் பெருகும், போட்டால் முழுதாகப் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன். அவள் சிரித்தாள். "முழுசா வாங்கறதுக்கு நான் இன்னா ஜட்ஜு வூட்டம்மாவா?" என்று கேட்டுவிட்டுச் சங்கரா மீனைத் தூக்கிச் செவுளை விரித்துக் காட்டத் தொடங்கிவிட்டாள்.  

உன் அப்பாவோ தலைவலிக்குத் தைலம்கூடத் தேய்க்காதவர். கணக்கு வாத்தியார் உடம்பில் வியாதிக்கு வேலை இல்லை என்று பெருமையடிப்பார். சாந்தோம் கடற்கரையில் தினமும் நடப்பார். நடக்கும்போது மனதுக்குள் கணக்குப் போடுவார், அது பிடிபட்டுவிட்டால் மணலில் நின்று தனியாகச் சிரிப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்து, நம் தெருவில் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. காய்ச்சித்தான் குடித்தோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் என்ன குடித்தாரோ. காய்ச்சல் வந்தது. டைஃபாய்டுதான் என்று தெரு டாக்டர் சொன்னதும் எனக்குப் பயமே வரவில்லை. அந்தக் குளிகையைக் கொடுத்தால் நாலைந்து நாளில் இறங்கிவிடும், கொஞ்ச நாள் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் கேட்டவர்களுக்கும் அப்படித்தான் சொன்னேன். வேளை தவறாமல் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு வாரம் ஆனது. மனிதர் பிதற்ற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போதுதான் அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு நானே மாடியேறினேன்.

அந்தத் தட்டை நான் திறந்த காலை நேரத்தில் வெயில் நன்றாக இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிருமி காகிதத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, மருந்து என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை என்பது போல் வளர்ந்திருந்தது. வட்டம் என்ற பேச்சே இல்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது யாரோட ரத்தம்?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரோடது சார்" என்றேன். அவர் தட்டை மூடி மேசையில் வைத்தார். பிறகு, "தட்டுல ஏதாவது கோளாறு இருக்கும்மா. இன்னொரு தரம் போட்டுப் பார்த்துடலாமே" என்றார். "இது இன்னொரு தரம் போட்டதுதான் சார்" என்றேன். அவர் நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பாவுக்கு அன்று நினைவு கொஞ்சம் தெளிவாக இருந்தது. "என்ன, உன் தட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டார். "இந்த மாத்திரை கேக்கலையாம், வேற மருந்து மாத்தறாங்க" என்றேன். "வேற எத்தனை இருக்கு?" என்றார். "இருக்கு" என்றேன். "அதைக் கேக்கல. எத்தனை இருக்குன்னு கேட்டேன்" என்றார். பரீட்சைத் தாளில் விடையை மழுப்புகிற பையனிடம் கேட்கிற அதே குரல். நான் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். டாக்டர்கள் எழுதிக் கொடுத்த புது ஊசிமருந்து மயிலாப்பூரில் எங்கும் கிடைக்கவில்லை. நீதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாரிமுனை வரை போய் அலைந்து வாங்கி வந்தாய். மழையில் நனைந்துவிடாமல் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்து நீ ஓடி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த ஊசிக்குக் காய்ச்சல் இறங்கத்தான் செய்தது. நாம் இரண்டு பேரும் அவர் நெற்றியை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தோம். ஆனால் அதற்குள் குடல் புண்ணாகி, புண் ஓட்டையாகிவிட்டது. அறுத்துத் தைத்துப் பார்த்தார்கள். உடம்பு தாங்கவில்லை. நெற்றி குளிர்ந்திருந்த நிலையில்தான் உன் அப்பா இறந்தார்.

அடக்கத்துக்கு ரோஸம்மா வந்திருந்தாள். கூடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அதே குளிகதானம்மா சாருக்கும் குட்த்தாங்கோ? எனக்குக் கேட்டுச்சே. சாருக்கு ஏம்மா கேக்கல?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ அந்த வாரமே டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாய். எனக்கோ வேறு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்பதைவிட, இது எதுவரைக்கும் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லை ஒன்று இருந்தால் அந்த எல்லைக்கு அப்பால் நிம்மதியாக மூச்சுவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

அதற்குப் பிறகுதான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. கொதிக்கவைத்த பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு நாம் அடையாற்றின் முகத்துவாரத்துக்குப் போவோம். கழுத்தில் கயிறு கட்டிய பாட்டிலை வீசி ஆற்றுத் தண்ணீரை நீ இழுப்பாய். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஒரு நாள் கேட்டார்: "இன்னாம்மா, தண்ணிய புட்ச்சிக்கினு போற? மீன் இல்லாத தண்ணிய வச்சிக்கினு இன்னா பண்ணுவே?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பா போன பிறகு நீ சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், அதனால் அந்தத் தண்ணீர் மேல் எனக்குக் கொஞ்சம் நன்றிகூட இருந்தது. ஆனால் தட்டில் அது என்ன காட்டியது என்று உனக்குத் தெரியும். ஆற்றில் இருந்த குடல் கிருமிகளில் பல அந்தக் குளிகையைப் பொருட்படுத்தவே இல்லை. முகத்துவாரத்தின் சேற்றில் மழைக்காலம் முடிந்ததும் வந்து இறங்கும் பறவைகள் இருக்கின்றனவே, வடக்கே பனி பெய்யும் தேசங்களிலிருந்து வருகிறவை, அவை அந்தச் சேற்றைத்தான் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றின் எச்சத்திலும் அது இருந்தது. கோடை வந்ததும் அவை கிளம்பிப் போயின. எங்கே போகும் என்று நீ கேட்டாய். மனிதர்களே இல்லாத இடத்துக்கு என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

கிண்டிக் காட்டுக்குள் மான்கள் குடிக்கிற குட்டையிலும் எடுத்தோம். அதிலும் இருந்தது. பெரிய டாக்டரிடம் தட்டைக் காட்டினேன். "மான் எந்தக் கடையிலே போய்க் குளிகை வாங்கித்தும்மா?" என்றார். வேடிக்கையாகச் சொல்ல நினைத்திருப்பார், ஆனால் குரல் வேடிக்கையாக வரவில்லை. தட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மனுஷா காலே படாத ஜலம் எங்கேயாவது இருந்தா கொண்டு வாயேன். அதுல பெரிய வட்டமா விழும். பழைய வட்டம். அதைப் பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார்.

கல்வராயன் மலையில் மருந்தகம் நடத்தும் சிஸ்டர்கள் நம் பங்குச் சாமியார் மூலமாக எனக்கு அறிமுகமானது அப்போதுதான். நீ அந்த வருடம் மருத்துவக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாய். அவர்களுடைய ஜீப்பில் நான் மட்டும் போனேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து மலைக்காரப் பெண் ஒருத்தி என்னைக் கூட்டிப் போனாள். கடைசிக் குடிசையும் கடைசித் தினைக்கொல்லையும் தாண்டி வெகுதூரம் ஏறினோம். பாறை இடுக்கில் ஒரு சுனை. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தெளிவு. அவள் செருப்பில்லாத காலையும் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பைக் கழற்றினேன். "சாமி தண்ணிங்க இது. நாங்க யாரும் மொள்ள மாட்டோம். கரடி வந்து குடிக்கும், குருவி குடிக்கும். ஆளு யாரும் வர்றதில்ல" என்றாள். ஒரு வைத்தியத்துக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் யோசித்து, சுனையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.  ஐஸ் பெட்டியில் பாட்டில்களை அடுக்கும்போது, உன் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டது போல ஒரு மகிழ்ச்சி எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இருந்தது.

சுனையில் கிருமிகள் அதிகம் இல்லை. இருந்தவற்றில் பெரும்பாலானவை நல்ல பிள்ளைகளாக வட்டம் விட்டன. பெரிய டாக்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்து ஒரு தட்டில் நின்றுவிட்டேன். சாதாரணக் குடல் கிருமி. அந்தக் குளிகைக்கும் மசியவில்லை, மற்றொரு மருந்துக்கும் மசியவில்லை, சல்ஃபா மருந்துக்கும் மசியவில்லை. "மண்ணுல இருக்கற கிருமிகளே இந்த மருந்துகளைத் தயார் பண்றதுகள். அதுகளோட கூடவே வாழற கிருமிக்கு ஆதியிலேர்ந்தே தாக்குப் பிடிக்கற சக்தி இருக்கலாமே" என்றார் அவர். அவர் எனக்கு வழிவிட்டார், நான் அதில் புகுந்து தப்பித்திருக்கலாம். "சல்ஃபா மண்ணுல பிறந்தது இல்லையே சார். அது தொழிற்சாலையில மனுஷன் செஞ்சது. அப்ப இது ஊர்லருந்து போனதுதானே" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். தெருவில் வாத்தியச் சத்தத்தோடு ஏதோ உற்சவம் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உன்னிடம் விடுதிக்கு வந்து சொன்னேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாட்டில்ல இருந்திருக்கும்மா. உன் கையில இருந்திருக்கும். இது கன்டாமினேஷன்" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. நீ சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று உன்னைவிட நான் ஆசைப்பட்டேன். அதற்காகவே அடுத்த வருடம் மறுபடி ஏறினேன். இந்த முறை காய்ச்சிய தண்ணீர் நிறைத்து மூடிய பாட்டில்களையும் கூடவே கொண்டுபோய், சுனைக்கரையில் திறந்து மூடி, ஒரே பெட்டியில் திரும்பக் கொண்டுவந்தேன். கோளாறு என் கையிலோ பாட்டிலிலோ இருந்தால் அவற்றிலும் கிருமி வளர வேண்டும். காய்ச்சிய தண்ணீரில் எதுவும் வளரவில்லை. சுனைத் தண்ணீரில் வளர்ந்தது. அது எப்படி அங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு பறவையின் எச்சம் போதும். கீழே சந்தையிலிருந்து ஓட்டி வந்த ஒரு மாடு போதும். யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் வழிதவறி வந்து வெளிக்கு ஒதுங்கியிருந்தாலும் போதும். "சரி, ஒரு சுனையில இருந்தா எல்லாச் சுனையிலயும் இருக்குமா?" என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாய், நான் பார்த்தது கீழ்மலை, நீ போவது மேல்மலை என்று. இருக்கலாம், அருள். நான் எல்லா மலையும் ஏறவில்லை. ஆனால் கடைசியாக ஏற வேண்டிய இடம் என்று நினைத்து ஏறிய இடத்திலும் அது எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

பெரிய டாக்டர் இதை ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் பேசினார். என்னையும் கூட்டிப் போயிருந்தார். கேட்டவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு மூத்த டாக்டர் எழுந்து, "நம்ம நாட்டுல குழந்தைங்க மாத்திரை கிடைக்காம சாகறாங்க. நீங்க காட்டுச் சுனையைப் பத்திக் கவலைப்படறீங்க. முதல்ல எல்லாருக்கும் மாத்திரை போய்ச் சேரட்டும், அப்புறம் இதைப் பேசலாம்" என்றார். கை தட்டினார்கள். டீ கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பெரிய டாக்டர் சொன்னார்: "அவர் சொல்றதுல தப்பே இல்லையேம்மா. அதாம்மா கஷ்டம்." அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று பம்பாயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் நம் வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார். அவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆற்றிலும் குட்டையிலும் சுனையிலும் இருப்பதை நான் இன்னும் எத்தனை தடவை பார்த்தாலும், பார்ப்பதைத் தவிர அதற்கு என்னால் எதுவும் செய்ய முடிந்திருக்காது.

சுனையில் இருக்கிற கிருமி சாதுவானதுதானே, அது யாரையும் கொல்லாதே என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். உனக்குத் தெரியும், அவர்களுக்காகச் சொல்கிறேன். சாதுவான கிருமி தான் கற்ற வித்தையைப் பக்கத்தில் இருக்கும் பொல்லாத கிருமிக்குக் கொடுத்துவிடும். ஒரு குழந்தையின் குடலில் இரண்டும் சந்தித்துக்கொண்டால் போதும். நான் சின்ன வயதில் அழுக்கையெல்லாம் கடல் கரைத்துவிடும், காடு தின்றுவிடும் என்று நினைத்து வளர்ந்தவள். நீயும் நானும் இந்த ஊரில் கொட்டுகிற எல்லாவற்றையும் அந்த நம்பிக்கையில்தான் கொட்டுகிறோம். இது கரைகிற பொருளல்ல, அருள். இதற்கு உயிர் இருக்கிறது. போகிற இடமெல்லாம் பெருகும்.

அப்படியானால் நான் உனக்கு என்ன சொல்வது? சளிக்குக் கொடுக்காதே என்று சொல்லலாம். கொடுத்தால் முழுதாகக் கொடு, பாதியில் நிறுத்தவிடாதே என்று சொல்லலாம். ஓடைக்குத் தள்ளி ஒதுங்கச் சொல், தண்ணீரைக் காய்ச்சச் சொல் என்று சொல்லலாம். எல்லாம் சரியான வார்த்தைகள்தான். ஆனால் விறகு சுமந்து இறங்குகிற பெண்ணிடம் தண்ணீரைக் காய்ச்சு என்று நீ சொல்லும்போது, அவள் ரோஸம்மாவைப் போலவே உன்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு நாள் காலையில் உன் வாசலில் ஒரு தாய் நிற்பாள். மூச்சு வாங்குகிற குழந்தை கையில் இருக்கும். இரண்டு மலை நடந்து வந்திருப்பாள். ஒரு வாரத்துக்கு உண்டான மருந்தைக் கொடுத்தால் குழந்தை தேறியதும் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு என்று முடிந்து வைத்துக்கொள்வாள். உனக்கு அது தெரியும். தெரிந்தும் நீ கொடுப்பாய். கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காவிட்டால் நீ என் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தை பிழைக்கும், அந்தத் தாய் உன் காலில் விழுவாள், அன்று நீ எனக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதுவாய். இன்னும் சில வருடங்கள் கழித்து அதே மருந்து அதே மலையில் வேறொரு குழந்தைக்குக் கேட்காமல் போகும். நீ எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டாய். யாருமே செய்திருக்க மாட்டார்கள். அப்போது பெரிய டாக்டரின் அப்பா மாதிரி விசிறிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். உட்கார், எழுந்து போய்விடாதே. இதைத் தவிர உனக்குச் சொல்ல உருப்படியாக ஒரு புத்திமதி எனக்குத் தேறவில்லை.

நல்லதாக ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று இரண்டு நாளாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். புது மருந்து வரும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். வரும். அந்தக் குளிகை வந்தபோதும் இப்படித்தான் எழுதினார்கள். "வேற எத்தனை இருக்கு?" என்று உன் அப்பா கேட்ட கேள்விக்கு விடை ஒரு எண்தான். அந்த எண் குறைந்துகொண்டு வருகிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நேற்று நீ நண்பர்களிடம் விடைபெற்று வரப் போயிருந்தபோது உன் டிரங்குப் பெட்டியை நான் திறந்தேன். கம்பளியையும் கனத்த புத்தகங்களையும் நீ அடைத்து வைத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கினேன். அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வரும் மருந்தோடு அதைச் சேர்த்துவிடாதே, அது உனக்கு. பாண்டி பஜாரில் நானே போய் வாங்கினேன். அந்தக் குளிகையும் இருக்கிறது, அதற்கு அடுத்ததும் இருக்கிறது. கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்து, பக்கத்தில் பார்க்க ஆள் இல்லாவிட்டால் போட்டுக்கொள். கேட்குமா என்று நான் சொல்ல முடியாது. உன்னோடு அனுப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அம்மா